18 லட்சம் சி.டி.சி.யா, கையில் வரும் ஒரு லட்சமா?

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதம் இது. பெயரும் கம்பெனியும் வேண்டாம் என்று கேட்டிருந்தார். கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, எனக்கு 29 வயது. ஊர் விருதுநகர் பக்கம். இங்கே ஒரு டாக்ஸி ஆப் கம்பெனியில் டிரைவர் ஆபரேஷன்ஸ் டீமில் இரண்டே கால் வருஷமாக இருக்கிறேன். சி.டி.சி. 18 லட்சம். அதில் 12 ஃபிக்ஸட், 2 வேரியபிள் (ரேட்டிங்கைப் பொறுத்து வருவது), 4 ஈசாப் (கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை). போன வருஷம் வேரியபிளில் 60 சதவீதம்தான் கொடுத்தார்கள். கம்பெனி இன்னும் பங்குச் சந்தைக்கு வரவில்லை, 'அடுத்த வருஷம் ஐ.பி.ஓ.' என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் கால் பண்ணுவார், எடுக்காவிட்டால் திங்கள்கிழமை ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்பார். சனிக்கிழமையும் சேர்த்தால் வாரத்துக்கு 60 மணி நேரம் போகிறது. டீமில் ஒரு பெண் அவர் பேச்சைப் பற்றி ஹெச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் 15 லட்சம், முழுக்க ஃபிக்ஸட் என்று ஆஃபர் வந்திருக்கிறது. '18ஐ விட்டு 15க்கு யாராவது போவானா' என்கிறார் அப்பா. எங்கள் கம்பெனியைப் பற்றி நெட்டில் பாதிப் பேர் சொர்க்கம் என்கிறார்கள், பாதிப் பேர் நரகம் என்கிறார்கள். எதை நம்புவது?"

தம்பி, முதலில் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. 18 பெரிதா 15 பெரிதா என்று கேட்டால் யாரும் 18 என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் சி.டி.சி.யைச் சம்பளம் என்று நினைத்துக் கேட்கிறார். பத்தொன்பது வருஷம் ஹெச்.ஆரில் சம்பளக் கணக்குப் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், சி.டி.சி. என்பது கம்பெனிக்கு நீங்கள் எவ்வளவு செலவு என்ற கணக்கு. உங்களுக்கு வரவு எவ்வளவு என்பது வேறு கணக்கு. அதை இப்போதே போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் 12 லட்சம் ஃபிக்ஸடுக்குள்ளேயே கம்பெனி பங்காகப் போடும் பி.எஃப்.பும், கிராஜுவிட்டிக்கு என்று எழுதிவைக்கும் தொகையும் இருக்கும். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 50,000 என்று வைத்துக்கொண்டால் கம்பெனியின் பி.எஃப். 12 சதவீதம், மாதம் 6,000. கிராஜுவிட்டி கணக்கு பேசிக்கில் 4.81 சதவீதம், வருஷத்துக்கு 28,860. இரண்டையும் கழித்தால் மாதச் சம்பளம் சுமார் 91,600. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 6,000, தொழில் வரி 200 போனால் வங்கியில் விழுவது 85,400. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது, 60 சதவீத வேரியபிளைச் சேர்த்தாலும் வராது. சரி, அந்த வேரியபிள் 1.2 லட்சத்தையும் மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்தால் 95,400.

இப்போது அந்த 15 லட்சம். பேசிக் அதே பாதி என்று வைத்தால் மாதம் 62,500. கம்பெனி பி.எஃப்., கிராஜுவிட்டி கழித்து மாதச் சம்பளம் 1,14,500 சொச்சம். உங்கள் பி.எஃப். 7,500, தொழில் வரி 200, வருமான வரி மாதத்துக்குச் சுமார் 6,500. கையில் ஒரு லட்சத்து முந்நூறு ரூபாய் போல வரும். அதுவும் யாருடைய ரேட்டிங்குக்கும் காத்திருக்காமல், மாதா மாதம்.

ஆக, 'குறைந்த' சம்பளத்தில்தான் கைக்கு அதிகம் வருகிறது. இன்னொரு கணக்கும் போடுங்கள். வாரம் 60 மணி என்றால் மாதம் 260 மணி நேரம். 95,400ஐ வகுத்தால் மணிக்கு 367 ரூபாய். அங்கே வாரம் 48 மணி என்றால் மாதம் 208 மணி, மணிக்கு 480 ரூபாய்க்கு மேல். இரண்டு ஆஃபர் லெட்டரையும் பக்கத்தில் வைத்து இந்த எண்களை ஒரே தாளில் எழுதி அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் பேசிக் வேறாக இருந்தால் எண் கொஞ்சம் மாறும், ஆனால் இரண்டு இடத்திலும் பேசிக் ஒரே விகிதத்தில் இருந்தால் யார் மேலே யார் கீழே என்பது மாறாது.

"சரி அக்கா, அந்த 4 லட்சம் ஈசாப்?" என்பீர்கள். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, ஆனால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

உங்கள் ஹெச்.ஆர். ஆண்டுக்கு 4 லட்சம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பங்கின் முழு மதிப்பு. அந்தப் பங்கை வாங்க நீங்கள் கட்ட வேண்டிய எக்சர்சைஸ் விலையைக் கழித்தார்களா என்று, ஈசாப் கொடுத்தபோது தந்த கிராண்ட் லெட்டரில் பாருங்கள். உதாரணத்துக்கு, இரண்டு வருஷத்தில் 800 ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கிறது, அதாவது வாங்கும் உரிமை உங்கள் கைக்கு வந்திருக்கிறது, ஒன்றின் மதிப்பு 1,000 ரூபாய், எக்சர்சைஸ் விலை 300 என்று வைப்போம். பேப்பரில் 8 லட்சம். அதைப் பங்காக மாற்ற நீங்கள் முதலில் 2.4 லட்சம் கட்ட வேண்டும். மிச்சமுள்ள 5.6 லட்சம் அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டு அதற்கு வரி விழும். இதுவரை வரியே இல்லாத நீங்கள் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடியையும் இழப்பதால் வரி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ஆக 3.85 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட்டு, சந்தையில் விற்க முடியாத பங்கை வாங்கி வைத்திருப்பீர்கள். (அரசுச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப் போடலாம், ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகை முடிந்துவிடும்.) எக்சர்சைஸ் விலை ஒரு ரூபாய், பத்து ரூபாய் என்று இருந்தால் கட்ட வேண்டிய பணம் குறையும், வரி கூடும்.

பங்குச் சந்தைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இந்தத் துறையிலேயே பெரிய கம்பெனியான ஊபர் 2019 மே 10 அன்று 45 டாலருக்கு ஐ.பி.ஓ. வந்தது. முதல் நாளே 41.57க்கு இறங்கி முடிந்தது. ஊழியர்களின் பங்குகளில் பெரும்பகுதி ஐ.பி.ஓ. நடந்தால்தான் கைக்கு வரும் என்ற நிபந்தனையில் இருந்தவை, அதனால் வரி அந்த 45 டாலர் விலையில் கணக்கானது. ஆனால் ஊழியர்கள் விற்கக் கூடாது என்ற தடை நீங்கிய நவம்பர் 6 அன்று விலை சுமார் 27 டாலர். அப்புறம் பல வருஷம் கழித்து விலை நன்றாகவே ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். காத்திருக்க வசதி இருந்தவர்களுக்கு அது நல்ல பணம்தான். வீட்டு வாடகை, தங்கை கல்யாணம் என்று தேதி குறித்த செலவு இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

மூன்று வருஷம் முன்னால் ஒருவர் என்னிடம் வந்தார். வேறொரு ஸ்டார்ட்அப்பில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு விலகியவர். கிராண்ட் லெட்டரை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், மேலே சந்தனப் பொட்டு வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். அவர் விலகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. லெட்டரின் நான்காவது பக்கத்தில், விலகிய 90 நாளுக்குள் எக்சர்சைஸ் செய்யாவிட்டால் வெஸ்ட் ஆனதும் சேர்த்து எல்லாம் ரத்து என்று இருந்தது. நினைவூட்டல் மெயில் வந்திருக்கிறது, ஆனால் அவருடைய ஆபீஸ் மெயில் ஐ.டி.க்கு. அதைக் கடைசி நாள் சாயங்காலமே மூடிவிட்டார்கள். அவர் அந்தப் பக்கத்தை என் எதிரே மறுபடி மறுபடி படித்தார். உங்களுக்கு அது நடக்கக் கூடாது. ஈசாப் போர்ட்டலில் இன்றைக்கே உங்கள் சொந்த மெயிலையும் சொந்த நம்பரையும் ஏற்றிவிடுங்கள், கிராண்ட் லெட்டரையும் ஈசாப் திட்ட ஆவணத்தையும் போர்ட்டலில் முறையாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுக்குச் சேர வேண்டிய ஆவணங்கள்தான்.

ஃபிக்ஸட் எவ்வளவு என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2020 மே மாதம் ஓலா 1,400 பேரையும், ஊபர் இந்தியாவில் 600 பேரையும், அதாவது இங்கிருந்த ஊழியர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரை, வேலையை விட்டு அனுப்பின. அப்போது ஓலா அறிவித்த இழப்பீடு குறைந்தது மூன்று மாத ஃபிக்ஸட் சம்பளம். ஃபிக்ஸட் என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை போகும்போது, வங்கியில் லோன் கேட்கும்போது, பி.எஃப். ஏறும்போது கணக்குக்கு வருவது அதுதான்.

அடுத்து கலாசாரம். ஒரே கம்பெனி சிலருக்குச் சொர்க்கமாகவும் சிலருக்கு நரகமாகவும் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தொழிலில் அது ரொம்பவே சாத்தியம். சாயங்காலம் 6 மணிக்கு மழையில் ஓடாத வண்டியை மறுநாள் காலை விற்க முடியாது. அதனால் இங்கே எண்களை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதில்லை, மணிக்கு மணி பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனி டீம், தனி டார்கெட், தனி மேனேஜர். கோயம்புத்தூர் டீமின் பழக்கவழக்கம் ஹைதராபாத் டீமில் இருக்காது. ஆப் எழுதும் இன்ஜினியர் டிரைவரின் முகத்தைப் பார்க்காமலேயே வருஷம் ஓட்டலாம். கஸ்டமர் கேரில் இருப்பவர் பல இடங்களில் கம்பெனி ஊழியரே கிடையாது, வேறொரு ஏஜென்சியின் ரோலில் இருப்பார், அவருக்கு ஈசாப்பும் இல்லை, ஊழியர்கள் எல்லாரும் கூடும் டவுன்ஹால் கூட்டமும் இல்லை. இவர்கள் எல்லாரும் ஒரே பெயரின் கீழ் ரிவ்யூ எழுதுகிறார்கள். எல்லாருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள், அவரவர் அறையிலிருந்து. ஆகவே சராசரி ஸ்டாரைப் பார்க்காமல் உங்கள் வேலை, உங்கள் ஊர், கடந்த ஒன்றரை வருஷம், இந்த மூன்றும் பொருந்தும் பத்துப் பேர் எழுதியதை மட்டும் படியுங்கள். புது கம்பெனிக்கும் இதையே செய்யுங்கள், லாஜிஸ்டிக்ஸ் என்றால் பண்டிகை சீசனில் அங்கேயும் ராத்திரி கால் வரும்.

உங்கள் வேலைதான் இதில் நடுவில் மாட்டிய வேலை. டிரைவர்களின் இன்சென்டிவைக் குறைப்பது என்று மேலே முடிவெடுப்பார்கள், வியாழக்கிழமை ராத்திரி அந்த மெசேஜை 'புதிய வாய்ப்பு' என்று எழுதி அனுப்புவது நீங்கள், திங்கள்கிழமை போன வார ஸ்கிரீன்ஷாட்டையும் இந்த வார ஸ்கிரீன்ஷாட்டையும் மேஜையில் வைத்து, "12 டிரிப்புக்குக் கொடுத்ததை இப்போ 16க்குக் கேட்கிறீங்களே, வண்டி டியூ நீங்க கட்டுவீங்களா?" என்று கேட்கும் டிரைவருக்குப் பதில் சொல்வதும் நீங்கள். இந்த டீமில் வேலை பார்த்த எத்தனையோ பேர் என்னிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். தான் முடிவெடுக்காத ஒன்றுக்குத் தினமும் முகம் கொடுப்பதில் வரும் களைப்பு வேலை நேரத்தில் வரும் களைப்பைவிடப் பெரிது. அதற்குப் பெயர் சோம்பலும் இல்லை, 'பிரஷர் தாங்க முடியாதவன்' என்பதும் இல்லை. அந்தச் சொல்லை உங்கள் மேனேஜர் சொல்லியிருந்தால் மனதில் வைக்காதீர்கள்.

ராத்திரி கால் பற்றி. டாக்ஸி கம்பெனிக்கு 24 மணி நேரமும் யாராவது விழித்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பயணிக்கு ஆபத்து என்றால் காலை பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ரோஸ்டர் போட வேண்டும், இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர், மறுநாள் தாமதமாக வரலாம் என்று. மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள், "இரவு அழைப்புகளுக்கு ஆன்-கால் முறை வைத்தால் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று மரியாதையாக, இரண்டே வரி. ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால், ராத்திரி 11 மணி கால் அவசரத்துக்கு வரவில்லை என்பது உங்களுக்கு எழுத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் டீமில் உள்ள அந்தப் பெண் பற்றி எழுதியதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இதே துறையில் 2017 பிப்ரவரியில் சூசன் ஃபௌலர் என்ற இன்ஜினியர் ஊபரில் தனக்கு நடந்ததை வெளியே எழுதினார். மேனேஜர் தவறாக நடந்தது பற்றிப் புகார் செய்தபோது, அவருக்கு இது முதல் தவறு, நன்றாக வேலை செய்பவர் என்று ஹெச்.ஆர். சொன்னதாம். பிறகு மற்ற பெண்களிடம் பேசியபோது அவர்களில் சிலர் அதே மேனேஜர் மேல் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தது தெரிந்தது. விசாரணை நடந்து, அந்த ஜூனில் 20 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், தலைமை அதிகாரி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் குழு கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. ஆபீஸில் போடும் இரவுச் சாப்பாட்டின் நேரத்தை மாற்றிப் போடுங்கள், வீட்டில் மனைவியோ கணவனோ பிள்ளைகளோ காத்திருக்கும் ஊழியர்களும் அதைச் சாப்பிட முடிய வேண்டும் என்றது. எத்தனை மணிக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதில்கூட, யாரை எத்தனை மணி வரை உட்கார வைக்க நினைக்கிறார்கள் என்பது இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வழி இருக்கிறது. அவர் ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னது சட்டப்படி புகாராகாது. மேனேஜரின் பேச்சு பாலியல் ரீதியானது என்றால், 2013ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குத் தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவரும் உறுப்பினர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை ஏற்கலாம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். தேதி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இதை இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் அவருக்காக முந்திக்கொண்டு போகாதீர்கள். அவர் கேட்டால் நீங்கள் நேரில் கேட்டதைச் சாட்சியாகச் சொல்லத் தயாராக இருங்கள். வேலையை விட்ட பிறகும் சொல்லலாம்.

இனி உங்கள் முடிவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 15 லட்சத்தை எடுத்துக்கொள்வேன். கணக்கும் அதைத்தான் சொல்கிறது, உங்கள் முழுக் கடிதத்தில் (மேலே சுருக்கியதில் விட்டுப்போனது) தூக்கம் இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ராஜினாமா கடிதத்தைக் கோபத்தில் போடாதீர்கள். புது இடத்தின் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் கைக்கு வரட்டும், அதில் 15 லட்சமும் ஃபிக்ஸட் என்று பிரித்து எழுதியிருக்கிறதா, ஜாயினிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள் என்று பாருங்கள். உங்கள் பழைய கம்பெனியிலும் விலகாமல் இருக்கத் தரும் ரிட்டென்ஷன் போனஸ் ஏதாவது வாங்கியிருந்தால் அதே கேள்வி. அங்கே யாருக்குக் கீழே வேலை, அந்த இடத்தில் முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று இன்டர்வியூ எடுத்தவரிடமே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அடுத்த ஈசாப் வெஸ்டிங் தேதி நோட்டீஸ் காலத்துக்குள் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சில திட்டங்களில் ராஜினாமா கொடுத்த நாளோடு வெஸ்டிங் நின்றுவிடும், சிலதில் கடைசி வேலை நாள் வரை ஓடும்.

கிராஜுவிட்டி உங்களுக்கு வராது, அதற்கு ஐந்து வருஷம் வேண்டும். பி.எஃப்.பை எடுக்காமல் அதே யு.ஏ.என்.னில் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள், மாதா மாதம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கை இப்போதே பாருங்கள். கடைசி செட்டில்மென்ட் பற்றி 45 நாள் ஆகும் என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

வெஸ்ட் ஆன ஆப்ஷன்களை எக்சர்சைஸ் செய்வதா விடுவதா என்று மட்டும் இப்போது என்னால் சொல்ல முடியாது, அந்த லெட்டரைப் பார்க்க வேண்டும். எக்சர்சைஸ் விலை, வெஸ்ட் ஆன எண்ணிக்கை, விலகிய பிறகு எத்தனை நாள் அவகாசம், கம்பெனி கடைசியாகச் சொன்ன பங்கு மதிப்பு, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.